மாத்திரை மருத்துவம் என்றால், சோறு அரசியலா?

ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் ஒருவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். சுருக்கமாகச் சொன்னால் இவைதான்: "மெடிக்கல் ஹியூமானிட்டீஸ் என்று நீங்கள் எழுதுவதில் பாதிக்கு மேல் அரசியலாகவே இருக்கிறது. நோய்க்குக் கிருமி காரணம், கிருமிக்கு மருந்து இருக்கிறது. நடுவில் வரலாறும் இலக்கியமும் எதற்கு? இன்னொன்று, எனக்கே இந்தத் துறை மீது ஒரு ஈர்ப்பு இருக்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இதற்கு வந்தால் பிழைக்க முடியுமா?"

இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கு உங்களுக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் இரண்டாவதை முடிவு செய்ய வேண்டியிருக்கும். நோயையும் மருத்துவத்தையும் வரலாறு, இலக்கியம், தத்துவம், மானுடவியல் ஆகியவற்றின் வழியாகப் படிப்பது எங்கள் வேலை. அதில் பல வருடங்கள் இருந்த பிறகு எனக்கு உறுதிப்பட்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. மருத்துவத்தின் அரசியல் பெரும்பாலும் கேள்விகளில் இருக்கிறது. எந்தக் கேள்விக்கு ஆராய்ச்சிப் பணம் கிடைக்கிறது, எந்தக் கேள்வி கேட்கப்படாமலே பல வருடம் கிடக்கிறது என்று பார்த்தால் அது தெரிந்துவிடும். பொதுவாகப் பேசினால் காற்றில் போய்விடும் என்பதால் நீங்கள் தினமும் வார்டில் பார்க்கும் காசநோயையே எடுத்துக்கொள்கிறேன்.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருப்பது அதன் தொடர்ச்சிதான். பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் முதல் சில ஆண்டுகள் அங்கே ஆய்வை வழிநடத்தினார். அப்போது நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், அவர்களைத் தங்கவைத்துப் பார்க்கும் காசநோய் மருத்துவமனைகளான சானடோரியங்களில் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. எல்லோருக்கும் படுக்கை போட இந்தியாவிடம் பணமில்லை. அதனால் ஆய்வின் கேள்வி நேரடியாக இருந்தது: ஒரு குடிசைக்குள் ஐந்தாறு பேரோடு வாழும் நோயாளிக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் குணமாகுமா?

சென்னையின் ஏழை மக்களிலிருந்து 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள், மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு தரப்பினருக்கும் ஒரு வருடத்துக்கு ஐசோநியாசிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரண்டு மருந்துகள். சானடோரியத்தில் ஓய்வு, நல்ல காற்று, போதிய சாப்பாடு. வீட்டில் நெரிசல், குறைந்த சாப்பாடு, கொஞ்சம் தேறியதுமே வேலை. மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பார்க்க ஹெல்த் விசிட்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மீதமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. இரண்டு தரப்புக்கும் குணமடைவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோதும் நிலைமை மாறவில்லை. நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தில் மற்றவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே தொற்ற வேண்டியது தொற்றிவிட்டிருந்தது.

உலகத்தின் காசநோய்க் கொள்கையையே இந்த ஆய்வு திருப்பிப்போட்டது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து மாதக்கணக்கில் எங்கோ வைத்திருக்கத் தேவையில்லை என்று ஆனது. அதன் அருமை தெரிய வேண்டுமானால் முன்பு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். மின்சார ரயிலில் போகும்போது நாம் நிலையத்தின் பெயராக மட்டும் கேட்கும் தாம்பரம் சானடோரியத்தை 1928இல் நிறுவியவர் டாக்டர் சவுரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினார். 1917இல் கணிதமேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சைக்குச் சேர்ந்தார். 1914இல் ஒரே கப்பலில் இங்கிலாந்துக்குப் போனபோது பழக்கமானவர்கள் அவர்கள். ராமானுஜனுக்கு இருந்தது உண்மையில் காசநோய்தானா என்பதில் பின்னால் வந்த மருத்துவர்கள் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் அந்த நோய்க்கான சிகிச்சையை முழுக்க அனுபவித்தார்: குளிர்ந்த திறந்தவெளி, தனிமை, வாய்க்கு ஒவ்வாத சாப்பாடு. சானடோரியம் என்றாலே அதுதான் என்றிருந்த காலத்திலிருந்து, ஒரு பெண் தன் பிள்ளைகளோடு இருந்துகொண்டே குணமாகலாம் என்ற நிலைக்கு நாம் வந்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் எனக்குப் பெருமை இருக்கிறது.

சரி, இதில் அரசியல் எங்கே வந்தது? சாப்பாட்டில்தான்.

சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடுதலாக ஏறியது. ஆனாலும் சளியில் கிருமி இல்லாமல் போவதில் வீட்டிலிருந்தவர்களும் அவர்களுக்கு ஏறத்தாழ ஈடாக இருந்தார்கள். ஆகவே மருந்து ஒழுங்காகப் போனால், சாப்பாடு குறைவாக இருந்தாலும் கிருமி சாகும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். அதில் நான் குறை காண மாட்டேன். ஆனால் அந்தப் பதில் ஆய்வறிக்கையைவிட்டு அரசு அலுவலகங்களுக்குப் போனதும் 'காசநோய்க்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை' என்ற அளவுக்கு வளர்ந்துவிட்டது. பல பத்தாண்டுகளுக்கு நாட்டின் காசநோய்த் திட்டத்தில் மாத்திரை இருந்தது, சளிப் பரிசோதனை இருந்தது, மாத்திரையைக் கண்முன்னே விழுங்க வைக்கும் முறையும் இருந்தது. உணவுக்கு மட்டும் இடமில்லை. நோயாளி ஏன் எலும்பும் தோலுமாக இருக்கிறார், அந்த வீட்டில் அடுத்து யாருக்கு வரப்போகிறது, கிருமி செத்த பிறகு அவரால் மறுபடி மூட்டை தூக்க முடியுமா என்ற கேள்விகளுக்கு அந்த ஆய்வு பதில் சொல்லவில்லை. அதற்காக நடத்தப்பட்டதும் அல்ல. பதில் இல்லாத இடத்தில் 'தேவையில்லை' என்று எழுதிக்கொண்டது அரசு நிர்வாகம். அப்படி எழுதிக்கொள்வது செலவு குறைந்த வழி.

இந்த விஷயத்தை நான் முதலில் உணர்ந்தது நூலகத்தில் இல்லை. மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரின் வீட்டுக்குக் களப்பணிக்காகப் போயிருந்தேன். அவருடைய காசநோய்ச் சிகிச்சை அட்டையில் 'ஒழுங்கற்றவர்' என்று குறிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் மாதத்திலேயே மாத்திரையை விட்டுவிட்டார். குடி காரணமாக இருக்கும் என்று மையத்தில் சொல்லி அனுப்பினார்கள். அவர் சொன்ன காரணம் வேறு. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் பசி வந்துவிட்டது. உடம்பு தேறத் தொடங்கும் காசநோயாளிக்குப் பசி எடுப்பது நல்ல அறிகுறி, உங்களுக்கே தெரியும். ஆனால் வேலைக்குப் போகாத அந்த மாதங்களில் வீட்டில் மனைவியின் கூலி மட்டும்தான். காலையில் மாத்திரை போட்டால் பத்து மணிக்குள் பசி வயிற்றைப் பிடுங்குகிறது, பானையில் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் கஞ்சிதான் இருக்கிறது. அதை எடுத்துக் குடிக்க அவருக்கு மனம் வரவில்லை. மாத்திரையை நிறுத்தினால் பசி அடங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். மாத்திரைப் பட்டைகளைத் தூக்கிப்போடாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார், வேலை கிடைத்ததும் மறுபடி தொடங்கலாம் என்று.

எங்கள் துறையில் நோயாளியின் கதையைக் கேட்பது என்று அடிக்கடி சொல்வோம். அதைப் பரிவு காட்டுவதாக மட்டும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பரிவு வேண்டும்தான். ஆனால் அந்த மனிதர் எனக்குக் கொடுத்தது ஒரு மருத்துவத் தகவல்: சிகிச்சை ஏன் தோற்கிறது என்பதற்கான காரணம். அட்டையில் அதை எழுத ஒரு கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததால் அது தரவாக மாறவில்லை, தரவாக மாறாததால் மாவட்டக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. அட்டையை அச்சடித்தவர் யாருக்கும் துரோகம் நினைத்திருக்க மாட்டார். எதைக் குறிக்க வேண்டும் என்ற முடிவு எங்கோ மேலே எடுக்கப்பட்டது, அந்த மேசையில் மூட்டை தூக்குபவர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இதைத்தான் அரசியல் என்கிறேன். கட்சி அரசியலைச் சொல்லவில்லை, அதுவும் வேண்டாத விஷயம் என்று நான் நினைப்பதில்லை.

அந்தக் கேட்கப்படாத கேள்வி கடைசியில் கேட்கப்பட்டது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் முன்னின்று நடத்தினார்கள். சென்னையின் அதே காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கெடுத்தது. 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதந்தோறும் சுமார் 10 கிலோ உணவுப்பொருள் கொடுத்தார்கள். பசியோடு இருக்கும் நோயாளிக்குச் சோறு கொடுக்காமல் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது அறமில்லை என்பதால் நோயாளிகளை இரண்டாகப் பிரிக்கவில்லை. வீட்டாரைத்தான் பிரித்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் கிடைத்தன, மற்ற வீடுகளுக்குக் கிடைக்கவில்லை. அரிசியும் பருப்பும், அவற்றோடு சத்து மாத்திரைகளும்தான்! முடிவு 2023இல் வெளிவந்தது. உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால், சளியில் கிருமி உறுதியானவர்கள் 48 சதவீதம் குறைவு. நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் தொடக்கத்திலேயே எடை குறைந்தவர்கள். முதல் இரண்டு மாதங்களில் 5 சதவீதம் எடை கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது.

இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. 1959இல் கேட்டது 'கிருமி சாகுமா' என்று. 2023இல் கேட்டது 'வீட்டில் அடுத்தவருக்கு வராமல் தடுக்க முடியுமா, நோயாளி பிழைப்பாரா' என்று. நடுவில் 60 வருடங்களுக்கு மேல் போய்விட்டன. அந்த இடைவெளியில் போன உயிர்களைப் பற்றி நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2018இல் மத்திய அரசு நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை கொடுக்கத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இன்னும் நேரடியானது. நோய் உறுதியானதுமே எடையும் உயரமும், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்ற சில விஷயங்களை மட்டும் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே வார்டில் சேர்க்கச் சொல்கிறது. எந்தப் பெரிய கருவியும் வேண்டாம். நாம் கவனிக்க வேண்டியது, உடல் எடை அங்கே உயிர் காக்கும் தகவலாக மதிக்கப்படுகிறது என்பதை.

நன்கொடையாளர்கள் நோயாளிகளைத் தத்தெடுத்து உணவுக்கூடை கொடுக்கும் திட்டமும் நாடு முழுக்க நடக்கிறது. கொடுப்பவர்களின் நல்ல மனதை நான் மதிக்கிறேன். ஆனாலும் இது எனக்கு உவப்பான வழி இல்லை. மாத்திரை நோயாளியின் உரிமையாக வருகிறது. அதற்காக அவர் யாரோடும் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உணவும் சிகிச்சையின் பகுதிதான் என்று ஆய்வே சொன்ன பிறகு அது மட்டும் ஏன் தர்மமாக வர வேண்டும்? சென்னையில் காசநோய் ஆய்வு நடந்துகொண்டிருந்த அதே 1950களின் பின்பாதியில்தான் காமராஜர் ஆட்சி பள்ளிக்கூடங்களில் மதிய உணவைத் தொடங்கியது. சோறு போடுவது அரசின் வேலையா என்ற கேள்வி அப்போதும் எழுந்தது. அதற்கு இந்த மாநிலம் சொன்ன பதில் 1982இல் விரிந்தது, பிறகு முட்டை வந்தது, 2022இல் காலை உணவு வந்தது. ஒரே ஊரில் ஒரு துறை பசியை அரசின் பொறுப்பாக எடுத்துக்கொண்ட காலத்தில், இன்னொரு துறை அதைத் தன் வேலை இல்லை என்று விட்டுவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குத்தான் வரலாறு வேண்டும்.

ஒரு மருத்துவர் இப்படியெல்லாம் பேசினால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1848இல் பெர்லினைத் தலைநகராகக் கொண்ட பிரஷ்ய அரசு, தன் ஆட்சியிலிருந்த மேல் சைலீசியா பகுதியில் பரவிய டைஃபஸ் காய்ச்சலை ஆராய ருடால்ஃப் விர்ஷோவை அனுப்பியது. உங்கள் நோயியல் புத்தகத்தில் வரும் அதே விர்ஷோ. அப்போது வயது 26. அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையில் பட்டினியும் மோசமான குடியிருப்பும் மக்களைப் பொருட்படுத்தாத ஆட்சியும்தான் காரணம் என்றார். பரிந்துரைத்த சிகிச்சையில் மக்களாட்சி, கல்வி, அந்தப் போலிஷ் பேசும் மக்களின் மொழிக்கு உரிமை எல்லாம் இருந்தன. அடுத்த வருடமே பெர்லினில் அவருடைய பதவிக்கு ஆபத்து வந்தது. வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1856இல்தான் பெர்லினுக்குத் திரும்பினார். உயிரணு பற்றிய அவருடைய கொள்கையை நாம் பரீட்சைக்குப் படிக்கிறோம். அந்த அறிக்கையைப் பாடத்திட்டம் தொடுவதில்லை.

பாடத்திட்டம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் எம்.பி.பி.எஸ். பாடத்தில் மனப்பாங்கு, அறம், தொடர்பாடல் ஆகியவற்றுக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது, நீங்களும் படித்திருப்பீர்கள். மாற்றுத்திறனாளிகள் பற்றிய பயிற்சியும் அப்போது வந்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எடுத்த நிலைப்பாட்டுக்குப் பிறகு, பால்புதுமையரை (தன்பாலீர்ப்பினர், திருநர் உள்ளிட்டோரை) இழிவுபடுத்தும் பகுதிகளை மருத்துவப் பாடங்களிலிருந்து நீக்கும் வேலை தொடங்கியது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் அந்தப் பழைய பகுதிகள் சில திரும்பி வந்தன, மாற்றுத்திறனாளிகள் பற்றிய பகுதி காணாமல் போனது. எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றார்கள். மருத்துவ மாணவர் யாரை மனிதராகப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார் என்பது ஒரு சுற்றறிக்கையில் மாறும் என்றால், அந்தச் சுற்றறிக்கையைப் படிப்பதும் மருத்துவப் படிப்பில் சேர்ந்ததுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மறைக்காமல் சொல்கிறேன்: நிரந்தர வேலை அபூர்வம். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் இந்தத் துறைக்கென்று பணியிடம் கிடையாது. கலைப்புலத் துறைகள் ஒரு மருத்துவரை எங்கே உட்கார வைப்பது என்று யோசிக்கும். தொகுப்பூதியத்தில், இரண்டு மூன்று வருடத் திட்டங்களில், ஒன்று முடிவதற்குள் அடுத்ததற்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு பலர் ஓட்டுகிறார்கள். திட்டத்தின் ஆயுள் மூன்று வருடம் என்றால் மூன்று வருடத்தில் பதில் கிடைக்கும் கேள்வியைத்தான் கேட்போம். ஐந்து வருடம் நோயாளிகளைப் பின்தொடர்ந்த சென்னை ஆய்வு போன்ற ஒன்றை இன்றைய ஆராய்ச்சி மாணவர் கனவு காணக்கூட முடியாது.

எனக்கு அதைவிட வருத்தம் தருவது இரண்டு. வெயிலில் வீடு வீடாகப் போய்ப் பேசிய களப்பணியாளரின் பெயர் கட்டுரையில் நன்றியுரையோடு நின்றுவிடுகிறது. பெரும்பாலும் பெண்கள் அவர்கள். நோயாளி சொன்னதை முதலில் கேட்டவரும், அது முக்கியம் என்று முதலில் கண்டுகொண்டவரும் அவர்களாகத்தான் இருப்பார்கள். அப்புறம், நாம் எழுதுவது ஆங்கிலத்தில், பணம் கட்டினால்தான் திறக்கும் ஆய்விதழில். யாருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதினோமோ அவர்கள் வாசிக்கவே முடியாது. தமிழில் எழுதினால் பதவி உயர்வுக்கான புள்ளிக் கணக்கில் பெரும்பாலும் அதற்கு மதிப்பில்லை. நான் புள்ளிகளை விட்டுக்கொடுத்துத் தமிழில் எழுதுகிறேன். நிரந்தர வேலை இருப்பதால் என்னால் முடிகிறது. அது இல்லாத இளையவர்களிடம் இதைக் கடமையாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: மருத்துவத்தை விடாதீர்கள். சமூக மருத்துவத்திலோ பொது மருத்துவத்திலோ மேற்படிப்பு முடியுங்கள், நோயாளியைப் பார்க்கும் உரிமமும் சம்பளமும் கையில் இருக்கட்டும். ஆய்வுக்கு வர அந்தப் பாதை தடையாக இருக்காது, மாதக் கடைசியில் கைகொடுக்கும். அதற்கு நடுவே இந்த ஹவுஸ் சர்ஜன் வருடத்திலேயே ஒன்றைத் தொடங்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுத் திரும்ப வரும் ஒவ்வொருவரிடமும் காலையில் என்ன சாப்பிட்டார், வீட்டில் யார் சமைக்கிறார், யார் கடைசியில் சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். உங்கள் கேஸ் ஷீட்டில் அதற்கு இடமில்லாவிட்டாலும் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பிறகு அதை வைத்து ஆய்வு செய்ய நினைத்தால் முதலில் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

1959இல் வந்த அந்தச் சென்னை ஆய்வறிக்கை உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இருக்கிறது, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். 90 பக்கத்துக்கு மேல் போகும், பயப்பட வேண்டாம். முடிவுரையைக் கடைசியில் படியுங்கள். நோயாளிகளின் சாப்பாடு, வேலை, குடியிருப்பு பற்றி அவர்கள் எவ்வளவு பொறுமையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். படித்துவிட்டு எழுதுங்கள், மேலே பேசலாம்.